காது கொடுத்தவள்

அவளிடம் யாராவது பேச்சை ஆரம்பித்தால் முதலில் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். டம்ளர், மேசை துடைக்கிற துணி, போன், எதுவானாலும் சரி. போனைத் திரை அடியில் போகும்படி கவிழ்த்து வைப்பாள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகு நம் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். ஐயோ பாவம் என்று சொல்லமாட்டாள். எங்க வீட்லயும் இப்படித்தான் என்று குறுக்கே வரமாட்டாள். யோசனை எதுவும் சொல்லமாட்டாள். நாம் நிறுத்தினால் மட்டும், ரொம்ப மெதுவாக, "அப்புறம்?" என்பாள்.

எனக்கு அப்போது பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது. அதுவரை என்னை யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அப்பா அதற்குப் பதிலைச் சொல்லி முடித்திருப்பார். அம்மா பாதியில் "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்பாள். அதனால் அவள் முதல் தடவை என் பக்கம் நாற்காலியை இழுத்தபோது எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்த கஃபேயில் நாங்கள் இருவரும் காலை வேலை பார்த்தோம். ஏழிலிருந்து பதினொன்றரை வரைக்கும். ஆர்டர் எடுப்பது, பழம் நறுக்குவது, மேசை துடைப்பது. இருவருமே பள்ளிக்கூடம் போகாதவர்கள். கஃபே முதலாளி வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் எங்களைக் காட்டி, இரண்டு பேரும் ஹோம்ஸ்கூல் என்பார். அந்த ஒரு வார்த்தைக்குள் அவளோடு என்னையும் சேர்த்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவள் பள்ளிக்கூடம் போகாததற்குக் காரணம் அவளுடைய அப்பா. பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது அவர் கருத்து. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது இங்கே வந்து தோட்டத்தோடு வீடு வாங்கினார். அவளுக்கு வீட்டிலேயே பாடம். வெளிநாட்டுப் பாடத்திட்டம், பாட்டு, மண்பாண்டம், பறவை பார்ப்பது. கஃபே வேலையும் அந்தப் படிப்பில் ஒரு பாகம்தான். வேலை செய்யாமல் உலகம் புரியாது என்று அவள் அப்பா அனுப்பியிருந்தார்.

நான் பள்ளிக்கூடம் போகாததற்குக் காரணம் என் அம்மா. அம்மாவுக்கு வலிப்பு உண்டு. நான் ஒன்பதாவது படிக்கும்போது சமைத்துக்கொண்டிருந்தவளுக்கு வலிப்பு வந்து, வலது கை கொதிக்கிற எண்ணெயில் விழுந்துவிட்டது. மூன்று விரல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு அவளைத் தனியாக விடமுடியவில்லை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். பகல் பன்னிரண்டு வரைக்கும் அவர் வீட்டில் இருப்பார், பன்னிரண்டுக்கு மேல் நான் இருக்கவேண்டும். பள்ளிக்கூடம் என்னைப் பாதி நாள் மட்டும் சேர்த்துக்கொள்ளாது. கஃபே சேர்த்துக்கொண்டது. வீட்டில் இருந்தபடியே பத்தாவது எழுதலாம் என்று யாரோ சொல்ல, ஓப்பன் ஸ்கூலில் பெயர் பதிந்து ஐந்து புத்தகம் வாங்கினோம்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. காலையில் ஷேர் ஆட்டோவில் வருவேன். மத்தியானம் அதேபோல் திரும்புவேன். மாத்திரை போட்டுக்கொண்டு அம்மா தூங்கும்போது, அவள் மூச்சு கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து படிப்பேன். ஆர்டர் எழுதுகிற சின்ன நோட்டின் பின்பக்கத்தில் அன்றைக்கான ஐந்து கேள்வி பதிலை எழுதிக்கொண்டுபோய், மேசை துடைக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் ஒரு வெளிநாட்டுக்காரர் காலிக் கப்பைக் காட்டி இன்னொரு காபி கேட்டதற்கு ஒளிச்சேர்க்கை என்று சொல்லிவிட்டேன். அவர் அதை ஏதோ தமிழ் மரியாதை என்று நினைத்துக் கைகூப்பினார்.

இதை அவளிடம் சொன்னபோதும் அவள் உடனே சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர் எந்தக் கைல கப் வச்சிருந்தாரு?" என்றாள்.

"அது எதுக்குடி?"

"சும்மா. தெரிஞ்சா நல்லா இருக்கும்."

அவளுக்குச் சின்னச் சின்ன விஷயங்கள் வேண்டும். வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஒரு ஜெர்மன் கிழவர் வருவார். யாரிடமும் பேசமாட்டார். தேன் போட்ட எலுமிச்சைச் சாறு, ஒரு புத்தகம், அவ்வளவுதான். நான் முதலாளியிடம் கேட்டதற்கு, அவர் ஊமையாக இருக்கலாம் என்றார். அவள் வேலைக்கு வந்த இரண்டாவது வாரம் கிழவர் அவளிடம் ஒரு மணி நேரம் பேசினார். அவர் மனைவி இறந்தபோது அவர் பல் டாக்டரிடம் இருந்தாராம். அந்த டாக்டரின் நாற்காலி பச்சை நிறமாம். பஞ்சு வாயில் இருந்ததால் செய்தி கேட்டு அவரால் உடனே அழக்கூட முடியவில்லையாம். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னபோது அந்தக் கிழவரே என் எதிரில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மறுநாள் அவருக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுபோய் வைக்கும்போது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் சொல்லாத ஒருத்திக்கு அவர் விஷயம் தெரிந்திருந்தது.

கஃபேயில் சமையல் செய்யும் அக்கா ஒருத்தி இருந்தாள். ஊர்க்கதை எல்லாம் பேசுவாள், தன் கதையைப் பேசமாட்டாள். அந்த அக்காவும் ஒருநாள் பாத்திரம் விளக்கும் இடத்தில் உட்கார்ந்து, புருஷன் வேங்கிக்காலில் இன்னொரு குடும்பம் வைத்திருப்பதை அவளிடம் சொல்லி அழுதாள். பிறகு என்னிடம் வந்து சொன்னாள்: "அந்தப் பொண்ணுகிட்ட வாயத் தொறந்தா மூட முடியலடி. இன்னான்னே தெரியல."

எனக்கும் அப்படித்தான். பத்தரைக்கு மேல் கூட்டம் கம்மியாகிவிடும். பின்பக்கம் எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் இரண்டு கவிழ்த்த வாளிகளில் உட்காருவோம். ஆங்கிலம் எனக்குப் பயம். அவளுக்கு ஆங்கிலம் தமிழைவிட நன்றாக வரும். "டெய்லி கொஞ்சம் சொல்லிக்குடு" என்று நான்தான் கேட்டேன். புத்தகத்தைத் திறப்போம். நேற்று, இன்று, நாளைக்கு வினைச்சொல் எப்படி மாறும் என்று இரண்டு வரி சொல்லுவாள். மூன்றாவது வரியில் நிறுத்தி, "நேத்து அம்மாக்கு எப்படி இருந்துச்சு?" என்பாள். அதோடு பாடம் முடிந்தது. நான் சொல்லிக்கொண்டே போவேன். அம்மாவுக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் வாயில் துரு வாசனை அடிக்கும் என்பது, அதை அவள் சொன்னதும் நான் பாயை விரிப்பது, அப்பா அம்மாவுக்குச் சோறு ஊட்டக் கற்றுக்கொண்டது. பதினொன்றரைக்கு எழுந்திருக்கும்போது எனக்கு உடம்பே லேசாக இருக்கும். ஆங்கிலப் புத்தகம் அதே பக்கத்தில் இருக்கும்.

ஒருதடவை நான் கேட்டேன். "உங்க வீட்டப் பத்தி நீ ஒண்ணுமே சொல்ல மாட்டியா?"

அவள் சிரித்தாள். "எங்க வீட்ல ஒண்ணுமே நடக்காதுடி. காலைல எழுந்து எல்லாரும் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துவோம். சாயந்திரம் மறுபடி ஊத்துவோம்."

"நெஜமா?"

"டெய்லி ஒரு பக்கம் டைரி எழுதணும், அதுதான் அப்பா குடுக்கற முக்கியமான பாடம். எழுத எதுவும் இருக்காது. இப்பதான் கொஞ்சம் இருக்கு."

நான் அதைக் கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. சந்து முழுக்கத் தண்ணீர், கஃபேக்கு ஒருவரும் வரவில்லை. அன்றைக்குத்தான் அவளிடம் அதைச் சொன்னேன். அம்மா கை வெந்த கதையில் நான் யாரிடமும் சொல்லாத பாகம்.

எல்லோருக்கும் தெரிந்த கதை இது: நான் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தேன், திரும்பி வந்து பார்த்தால் அம்மா கிடந்தாள், நான் கத்தி ஊரைக் கூட்டினேன். நல்ல வேளை பொண்ணு வந்துச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். நடந்தது வேறு. பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் சுற்றுலா கூட்டிப்போனார்கள். அம்மா அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். நான் கோபத்தில் வாசல்படியில் போய் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. அது எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியும். வலிப்பு வரும்போது கையில் இருப்பது முதலில் விழும். நான் எழுந்திருக்கவில்லை. என்னைக் கூப்பிடட்டும், அப்புறம் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வலிப்பு வந்தவள் எப்படிக் கூப்பிடுவாள்? அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் வாசனையில் வேறு ஒரு வாசனை சேர்ந்தபோதுதான் ஓடினேன்.

பள்ளிக்கூடத்தை நானே விட்டேன். பொறுப்பான பொண்ணு என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை யாராவது எடுத்தால் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன்.

இதைச் சொல்லி முடித்தபோது நான் அழவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "படி எப்படி இருக்கும், சிமெண்டா, கல்லா?" என்று கேட்டாள்.

"கல்லு."

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அந்தக் கேள்விகள் அன்பு என்று நினைத்தேன். என்னோடு அந்தப் படியில் வந்து உட்காருகிறாள் என்று நினைத்தேன்.

அவள் நல்லவளாக இருந்த நாட்களையும் நான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது பொய்யாகிவிடும். தை மாதப் பௌர்ணமிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிரிவலம் போகிற கூட்டத்தால் எங்கள் தெருவில் கால் வைக்க முடியாத நாள் அது. அம்மா தோசை ஊற்ற இடது கையால் கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு, தானே கரண்டியை வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பேசவிட்டாள். கல்யாணமான புதிதில் அம்மா கிணற்றில் நீச்சல் அடிப்பாள் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். போன பிறகு அம்மா சொன்னாள்: "நல்ல பொண்ணுடி. நம்ம ஊட்டுப் பொண்ணு மாரி கேக்குது."

சித்திரையில் எனக்குப் பரீட்சை வந்தது. பத்து நாள் காலையில் நான் வேலைக்குப் போகமுடியாது. போகாவிட்டால் முதலாளி வேறு ஆள் பார்ப்பார். நான் கேட்கவே இல்லை, அந்தப் பத்து நாளும் அவள் என் வேலையையும் சேர்த்துச் செய்தாள். ஆங்கிலப் பரீட்சை அன்றைக்கு வேலை முடித்துவிட்டு சைக்கிளில் வந்து, வெயிலில், பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் எனக்காக ஒரு பாக்கெட் மோரை வைத்துக்கொண்டு நின்றாள். "எப்படி எழுதின? எல்லாம் சொல்லு" என்றாள். சொன்னேன்.

ஆனி மாதம் இரண்டு நல்ல செய்தி வந்தது. நான் பத்தாவது பாஸ். ஆங்கிலத்தில் ஐம்பத்தொன்று. அவளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, படிப்பு முழுக்க இலவசம். அவள் வேலையை விட்டாள். கடைசி நாளில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா எனக்கு இது கெடச்சிருக்காது" என்றாள். பிரியும்போது எல்லோரும் சொல்கிற வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து முதலாளி கஃபே சுவரில் கண்ணாடிச் சட்டம் ஒன்றை மாட்டினார். உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், மேலே அவள் படம். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அவள் எழுதி அனுப்பிய கட்டுரையாம், ரொம்ப நன்றாக இருந்ததால் கல்லூரியே அதைத் தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறதாம். முதலாளி பிரிண்ட் எடுத்துவந்திருந்தார். "நம்ம கஃபே பேர் வந்திருக்கு பாரு. உன்னப் பத்திகூட எழுதியிருக்கா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். என் ஆங்கிலத்துக்கு அந்தப் பக்கம் கஷ்டம். நிதானமாகப் படிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, இங்கேயே வருஷக்கணக்காக வாடகைக்கு இருப்பவர், நான் காபியை வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அப்போது சின்னக் குழந்தை. அது உன் தப்பு இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு வார்த்தை புரிந்தது, விஷயம் புரியவில்லை. ஆர்டரை மாற்றிக் கொண்டுவந்துவிட்டேனோ என்று நினைத்து, "ஸாரி மேடம், மாத்தித் தரேன்" என்றேன். அவர் கண் கலங்கியது. அவர் ஒரு விநாடி சுவரைப் பார்த்தார்.

அன்று வேலை முடிந்ததும் என் போனில் அந்த இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா தூங்கியதும் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் மத்தியானம் முக்கால் பக்கம் போனது. மலைக்குப் பின்னால் ஒரு கிராமம், அங்கே ஒரு பெண், அவளுக்கு என் பெயர் இல்லை, வேறு பெயர். வலிப்பு என்பதற்கான ஆங்கில வார்த்தை எனக்கு அன்றுதான் தெரிந்தது. துரு என்பதற்கும். இரண்டாவது மத்தியானம் ஒரு வார்த்தையில் நின்றேன். அகராதி அதற்கு வாசற்படி என்று சொன்னது. அடுத்த வார்த்தை கல். அதற்கடுத்தது சூடு.

மேற்கொண்டு படிக்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

எல்லாம் இருந்தது. கரண்டிச் சத்தம், கூப்பிடட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தது, வாசனை. அம்மாவின் மூன்று விரல் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது ஒரு பத்தி. அதற்குப் பிறகு கட்டுரையில் அவள் வந்தாள். படிப்பை விட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் மூழ்கியிருந்த அந்தப் பெண்ணுக்குத் தினமும் ஒரு மணி நேரம் எலுமிச்சைச் செடி அருகில் அவள் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தாளாம். எழுத்து எழுத்தாக அந்தப் பெண்ணைத் தூக்கி நிறுத்தினாளாம். அவளால்தான் அந்தப் பெண் பரீட்சை எழுதப்போகிறாளாம். அவள் எனக்குக் கற்றுக்கொடுத்ததாக எழுதியிருந்த ஒரு மணி நேரம், நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மணி நேரம். தினம் ஒரு பக்கம் எழுதவேண்டிய பிள்ளைக்கு நான்தான் வீட்டுப்பாடமாக இருந்திருக்கிறேன்.

கட்டுரையின் அடியில் தேதி இருந்தது. ஜனவரி ஆரம்பம். அதாவது தைப் பௌர்ணமிக்கு எங்கள் வீட்டில் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் அதை அனுப்பி முடித்திருந்தாள். மோர் பாக்கெட்டோடு வெயிலில் நின்றபோதும்தான். அந்த மோரை என்னவென்று வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை.

அவள் வெளிநாட்டுக்குக் கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாதான் கதவைத் திறந்தார். "வாம்மா, வா. படிச்சியா? உன்னப் பத்தி எவ்ளோ அழகா எழுதியிருக்கா பாத்தியா" என்றார். வீடு முழுக்கப் பெட்டிகள். மாடியில் அவள் ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி எழுதின?" என்றேன்.

அவள் பொய் சொல்லவில்லை. "பேர மாத்திட்டேன்ல" என்றாள்.

"ஊர மாத்தல. கைய மாத்தல. கடை செவுத்துல மாட்டியிருக்காங்க. ஒவ்வொருத்தரும் படிச்சிட்டு என் மூஞ்சியப் பாக்கறாங்க."

"கஃபே அண்ணா மாட்டுவாருன்னு எனக்குத் தெரியாதுடி. அது காலேஜுக்கு அனுப்பினது. யாரோ ஒருத்தர் படிப்பாங்க, அவ்ளோதான்னு நெனச்சேன்."

"என்னக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

இதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஒரு கணக்கின் விடையைச் சொல்வது போல.

"எனக்கு நீ சொல்லிக்குடுத்தேன்னு எழுதியிருக்க. எத்தினி நாளு சொல்லிக்குடுத்த? நானா படிச்சேன். எங்கம்மா தூங்கறப்ப நானா படிச்சேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "என்னப் பத்தி எழுத என்ன இருக்கு சொல்லு? எட்டு வருஷமா வீட்டுல படிச்சேன். பானை செஞ்சேன், பாட்டு கத்துக்கிட்டேன். அதப் படிச்சு யாரு எடம் குடுப்பா? நீ என்ன செஞ்சன்னுதான் அங்க கேக்கறாங்க. நான் என்ன செஞ்சேன்? உன்கிட்ட கேட்டுட்டு உக்காந்திருந்தேன். அத எழுத முடியுமா?"

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அம்மாவுக்கு இன்னும் இது தெரியாது, ஊரில் யாராவது படித்துச் சொன்னால் அவள் என்ன ஆவாள், அப்பா என்ன செய்வார், இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அம்மா பக்கத்தில் படுக்கவே பயமாக இருக்கிறது, எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவளைப் பார்த்தேன். கட்டிலின் நுனிக்கு வந்திருந்தாள். கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சைச் செடியடியில் இருந்த அதே முகம்.

நான் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றாள்.

அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. கேட்டவுடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டேன். அவள் கூப்பிட்டாள், திரும்பவில்லை. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் இருந்த வரைக்கும் அது எங்கள் ஊருக்கு வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தைரியம் நான்கு நாள்கூட நிற்கவில்லை. சமையல் அக்கா ஒருநாள் காலை எனக்குத் தட்டில் இட்லியை வைத்துவிட்டு, என் தலையைத் தடவினாள். முதலாளி அவளுக்குத் தமிழில் படித்துச் சொல்லியிருந்தார். அக்காவின் தங்கையைக் கொடுத்தது எங்கள் பக்கத்துத் தெருவில். இனி அம்மா இதை யார் வாயால் கேட்பது என்பது மட்டும்தான் பாக்கி.

அன்று மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். அவள் வாசலில் காயப்போட்ட துணியை இடது கையால் மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா நன்றாகக் கேட்கிறவள் இல்லை என்று சொன்னேன் அல்லவா. பாதியில் ஒருதடவை எழுந்து போய் ஆட்டை விரட்டிவிட்டு வந்தாள். ஒருதடவை அப்பாவின் சட்டையில் பட்டன் இல்லை என்றாள். நான் விடவில்லை. குழாயடிக்குப் போகவில்லை, படியில்தான் இருந்தேன், சத்தம் கேட்டது, எழுந்து வரவில்லை என்று முழுக்கச் சொல்லி, அது இப்போது கடைச் சுவரில் தொங்குவதையும் சொன்னேன்.

அம்மா மடித்த துணியைத் திரும்பப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எத்தினி பேரு படிச்சாங்க?" என்றாள்.

"தெர்ல. நெறைய பேரு."

"நாளிக்கி உங்கப்பன ஆட்டோ எடுக்கச் சொல்லு."

"எதுக்கும்மா?"

அவள் துணியை அப்படியே வைத்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் அம்மா டவுன் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் காலை நல்ல சேலை கட்டி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு, என்னோடு கஃபேக்கு வந்தாள். அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை, ஆட்டோவிலேயே இருக்கச் சொன்னாள். உள்ளே நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா நேராகச் சட்டத்தின் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள்.

முதலாளி ஓடிவந்தார். "வாங்கம்மா, உக்காருங்க. இது நல்லவிதமாத்தான் எழுதியிருக்கு, தப்பா ஒண்ணும்…"

"நல்லாத்தான் எழுதியிருக்கும் சார்" என்றாள் அம்மா. "இதுல என் கை எந்த எடத்துல வருது? காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தயங்கித் தயங்கி இரண்டாவது பக்கத்தில் ஒரு பத்தியில் விரலை வைத்தார். அம்மா அந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, "எங்க ஊட்டு விஷயம் இது. கழட்டிடுங்க சார்" என்றாள். சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

முதலாளி நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினார். அது சுவர் ஓரம் திரும்பி நிற்கிற வரைக்கும் அம்மா நகரவில்லை. பிறகு என்னிடம், "உன் பையி, புக்கு எல்லாம் எடுத்துக்கினு வா" என்றாள். நான் உள்ளே போய் எடுத்துக்கொண்டேன். அந்த வேலை அன்றோடு முடிந்தது. அடுத்த மாதம் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் காலை வேலை கிடைத்தது. வேலைக்கு நடுவில் பன்னிரண்டாவது எழுதினேன், பிறகு அஞ்சல் வழியில் பட்டம். இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் வருகிறவர்களின் பெயரும் வயதும் பதிகிற வேலை. சிலர் அதோடு நிறுத்தாமல் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். நான் டோக்கனைக் கொடுத்து உட்காரச் சொல்லிவிடுவேன். என்னிடம் அன்பு கம்மி என்று அங்கே ஒரு பேச்சு உண்டு.

அவள் வெளிநாடு போய்ச் சேர்ந்த வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். சட்டம் கழற்றியதை முதலாளி சொல்லியிருக்கிறார். மன்னிச்சிடு என்று முதலில் எழுதியிருந்தாள், இரண்டு தடவை. கல்லூரியிடம் சொல்லிக் கட்டுரையை எடுக்கச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாள். அதை எடுத்தும் விட்டார்கள், நான் பார்த்தேன். அதற்குக் கீழே, கொஞ்ச நேரம் கழித்து வந்த இன்னொரு செய்தி: "அம்மா கடைக்கு வந்தாங்களாமே. திரும்பிப் போறப்ப உன்கிட்ட என்ன சொன்னாங்க? எல்லாம் சொல்லு, ப்ளீஸ்."

அம்மா சொன்னது ஒன்று உண்டு. செங்கம் ரோட்டில் ஆட்டோ திரும்பியதும், முன்னால் இருந்த அப்பாவுக்குக் கேட்காதபடி என் காதோடு வாயை வைத்து, அந்தப் படியைப் பற்றி நான்கு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அந்த நான்கு வார்த்தையை நான் அவளுக்கு எழுதவில்லை. இங்கேயும் எழுதவில்லை.